துளை வேறு, சீரமைப்பு வேறு: மார்பகப் புற்று அறுவையில் சான்றும் அவசரமும்



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஓர் அறுவை சிகிச்சை. மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்ணுக்கோ, அந்நோய் வரும் வாய்ப்பைப் பிறப்பிலேயே மரபணுவில் பெற்ற பெண்ணுக்கோ, மார்பகத்தின் உட்திசு முழுவதையும் அக்குளை ஒட்டிய ஒரு சிறு கீறல் வழியாக எடுத்துவிட்டு, அதே மயக்கத்திலேயே அவ்விடத்தில் புதிய மார்பகத்தை அமைத்துத் தருகிற முறை அது. எண்டோஸ்கோப் கொண்டும் செய்கிறார்கள், ரோபோக் கைகளைக் கொண்டும் செய்கிறார்கள். கேட்பவருக்கு இது ஒரே சிகிச்சையாகத் தோன்றும். உண்மையில் இதற்குள் இரண்டு வாக்குறுதிகள் இருக்கின்றன. மார்பகத்தை இழந்த பெண் வெற்று நெஞ்சோடு கண் விழிக்க வேண்டியதில்லை என்பது ஒன்று. அந்த நீக்கத்தைச் சிறு துளை வழியாகவே முழுமையாகவும் பாதுகாப்பாகவும் செய்துவிடலாம் என்பது மற்றொன்று. முதல் வாக்குறுதிக்குப் பின்னால் பல பத்தாண்டுச் சான்று நிற்கிறது. அதை வசதியுள்ளவர்களுக்கான சலுகையாக வைத்திருப்பது அநீதி. இரண்டாவதற்கு நம்பிக்கை தரும் தொடக்கச் சான்று மட்டுமே இருக்கிறது. அதை முடிந்த உண்மையாக விற்பது பெண்களுக்குச் செய்யும் தீங்கு. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். ஒன்றுக்குக் கிடைத்த சான்றைக் காட்டி மற்றொன்றை ஏற்கச் சொல்வதும் தவறு, ஒன்றின் விலையைக் காட்டி மற்றொன்றை மறுப்பதும் தவறு.

முதலில் அறுவை அரங்கில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கை தொங்கும்போது மறைந்துவிடும் இடத்தில், அக்குளுக்குக் கீழே விலாவை ஒட்டி, மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கீறல் போடுகிறார்கள். அட்ரீனலின் கலந்த உப்புநீரைத் தோலுக்கும் மார்பகத் திசுவுக்கும் இடையில் ஊசியால் செலுத்துகிறார்கள். அது இரண்டையும் சற்று விலக்கி வைக்கும், இரத்தக் கசிவையும் குறைக்கும். நீண்ட கத்தரியால் தோலுக்கடியில் சிறு சுரங்கங்களைத் துளைத்துவிட்டு, கீறலில் ஒரு வளையத்தைப் பொருத்தி, குறைந்த அழுத்தத்தில் கரியமில வாயுவை நிரப்புகிறார்கள். வயிற்று லேப்ராஸ்கோப்பியில் வயிறு உப்புவதைப் போல இங்கே தோல் கூடாரமாக எழும்புகிறது. சுரங்கங்களுக்கு இடையே நிற்கும் திசுச் சுவர்களை, உள்ளே நுழைந்த கேமரா காட்டும் வழியில் ஒவ்வொன்றாக அறுத்து, தோலிலிருந்தும் நெஞ்சுத் தசையிலிருந்தும் மார்பகத் திசுவை விடுவிக்கிறார்கள். முலைக்காம்புக்கு நேர் அடியில் உள்ள திசுவில் ஒரு துணுக்கை எடுத்து, உறையவைத்து, அரங்கில் காத்திருக்கும்போதே நோயியல் ஆய்வுக்கு அனுப்புகிறார்கள். அதில் புற்று தெரிந்தால் காம்பையும் எடுத்தாக வேண்டும். தெரியாவிட்டால் விடுவித்த திசு முழுவதையும் அதே கீறல் வழியாக ஒரே துண்டாக வெளியே எடுத்து, அந்தக் கீறலிலேயே அக்குளின் முதல் நெறிக்கட்டியையும் பரிசோதித்து, சிலிக்கோன் பையை உள்ளே வைத்து, வடிகுழாய் போட்டுத் தைக்கிறார்கள். தழும்பு மார்பின் மேல் எங்கும் இல்லை. கண்ணாடி முன் நிற்கும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிது என்பதை நான் சிறுமைப்படுத்தப் போவதில்லை.

இந்த அறுவையின் உயிர்நாடி தோலுக்கும் திசுவுக்கும் இடைப்பட்ட அந்தத் தளத்தில்தான் இருக்கிறது. தோலுக்கு இரத்தம் கொடுப்பது தோலுக்கு அடியிலேயே படர்ந்திருக்கும் நுண்ணிய நாளவலை. தோலை மிக மெல்லியதாக உரித்தால் வலை சிதையும், தோல் கறுக்கும், காம்பு அழுகும், உள்ளே வைத்த பை வெளியே தெரியும். அதற்கு அஞ்சித் தோலைத் தடிப்பாக விட்டால், நீக்க வந்த மார்பகத் திசுவே தோலோடு ஒட்டிக்கொண்டு பின்தங்கும். எஞ்சிய திசுவில் புற்று மீண்டும் முளைக்கலாம், அல்லது மரபணு ஆபத்துள்ளவருக்குப் புதிதாகத் தோன்றலாம். இந்தத் தளத்துக்கு எல்லாப் பெண்களிடமும் பொருந்தும் மில்லிமீட்டர்க் கணக்கு கிடையாது. ஒல்லியான பெண்ணுக்கு அது ஓரிரு மில்லிமீட்டரில் முடிந்துவிடும், வேறொருவருக்குச் சென்டிமீட்டரைத் தாண்டும். திறந்த அறுவையில் அறுவையாளர் தோல்மடலை விரல்களுக்கிடையே பிடித்துத் தடிப்பை உணர்கிறார். துளை அறுவையில் அந்தத் தொட்டறிவு போய்விடுகிறது, ஈடாகப் பன்மடங்கு பெரிதாகிய காட்சி கிடைக்கிறது. பக்கவாட்டில் கீறுவதால் மார்பெலும்பை ஒட்டி வரும் நாளங்களும், காம்பைச் சுற்றிய தோலும் காயமின்றி இருக்கின்றன என்பது இந்த முறையின் நியாயமான பெருமை. தொட்டறிவை இழந்து காட்சியைப் பெற்ற இந்தப் பேரத்தில் பின்தங்கும் திசு கூடுகிறதா குறைகிறதா என்பதை ஊகத்தால் சொல்ல முடியாது. அதைப் பெண்களின் அடுத்த பத்தாண்டு, பதினைந்தாண்டு வாழ்க்கைதான் சொல்லும்.

ஊகத்தை உண்மையாகக் கொண்டதற்கு மார்பக அறுவை வரலாறு ஏற்கெனவே மிகப் பெரிய விலை கொடுத்திருக்கிறது. அமெரிக்காவின் வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட் 1882-இல் தொடங்கி, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் செம்மைப்படுத்தி, 1894-இல் விரிவாக எழுதிய அறுவையில், மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளும் அக்குள் நெறிக்கட்டிகளும் ஒரே தொகுதியாக வெட்டி எடுக்கப்பட்டன. புற்று ஒரு மையத்திலிருந்து ஒழுங்காகப் பரவுகிறது, ஆகவே எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்பது அவர் கொள்கை. அவர் காலத்தில் அறுவைக்குப் பின் அதே இடத்தில் புற்று திரும்புவது சர்வசாதாரணம். அவர் 50 பெண்களில் அதை 6 விழுக்காடாகக் குறைத்துக் காட்டினார். அது உண்மையான சாதனை. ஆனால் அந்த இடத்தில் திரும்பாமை என்பது வேறு, உயிர் பிழைத்தல் என்பது வேறு. அந்த வேறுபாட்டை முறையாகச் சோதிக்காமல் எண்பது ஆண்டுகள் போயின. விலா எலும்புகள் தோலுக்கடியில் வரிவரியாகத் தெரியும் குழிந்த நெஞ்சும், வீங்கிய கையுமாக எண்ணற்ற பெண்கள் வாழ்ந்து முடித்தார்கள். உலகின் தலைசிறந்த கைகள் நல்லெண்ணத்தோடு செய்தவை அந்த அறுவைகள். நல்லெண்ணமும் கைத்திறனும் சான்றுக்கு மாற்றாகிவிடவில்லை.

அதைச் சோதனைக்கு இழுத்தவர் பிட்ஸ்பர்கின் பெர்னார்ட் ஃபிஷர். 1971-இல் அவர் தலைமையில் தொடங்கிய பி-04 ஆய்வில் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். தசைகளை வெட்டியவர்களுக்கும் வெட்டாதவர்களுக்கும் 25 ஆண்டுகள் கழிந்த பின்னும் ஆயுளில் வேறுபாடு இல்லை. 1976-இல் தொடங்கிய பி-06 ஆய்வு இன்னும் ஒரு படி போய், மார்பகத்தையே நீக்காமல் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் ஆயுள் அதேதான் என்று 20 ஆண்டுக் கணக்கில் காட்டியது. அங்கே கதிர்வீச்சு இல்லாத பெண்களில் 39 விழுக்காட்டினருக்கு அதே மார்பகத்தில் புற்று திரும்பியது, கதிர்வீச்சு பெற்றவர்களில் 14 விழுக்காடு. மிலான் நகரில் உம்பர்டோ வெரோனேசி 701 பெண்களிடம் நடத்திய ஆய்வும் இதையே உறுதி செய்தது. வாஷிங்டன் பகுதியைச் சேர்ந்த இதழாளர் ரோஸ் குஷ்னரையும் இங்கே நினைக்க வேண்டும். அக்காலத்தில் கட்டியோடு வரும் பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்தி, பயாப்சி எடுத்து, புற்று என்று தெரிந்தால் அவளை எழுப்பாமலே மார்பகத்தை நீக்கிவிடுவார்கள். மார்பகம் இருக்குமா என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் உறங்கப் போக வேண்டும். 1974-இல் தனக்கே நோய் வந்தபோது குஷ்னர் அதை மறுத்தார். பயாப்சி ஒரு நாள், முடிவு மறுநாள், இடையில் பெண்ணுக்கு யோசிக்க நேரம் என்று போராடினார். 1979-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு, பயாப்சியையும் அறுவையையும் பிரிப்பதை ஏற்றுக்கொண்டது. அறுவை சுருங்கியதற்குக் குலுக்கல் ஆய்வுகளும் நோயாளிகளின் பிடிவாதமும் சம அளவில் காரணம்.

இதைக் கேட்டு ஒருவர் சொல்லக்கூடும்: ஹால்ஸ்டெட் அதிகமாக வெட்டினார், துளை அறுவை குறைவாக வெட்டுகிறது, வரலாறு முழுக்கக் குறைப்பதன் பக்கமே தீர்ப்பளித்திருக்க, இன்னும் என்ன தயக்கம்? இந்தக் கேள்விக்குச் சரியான பதில் மார்பகத்திலிருந்து வரவில்லை, கருப்பை வாயிலிருந்து வந்தது. தொடக்கநிலைக் கருப்பைவாய்ப் புற்றுக்குத் துளை வழியாகக் கருப்பையை நீக்குவது பல ஆண்டுகளாகப் பரவிவிட்ட வழக்கம். இரத்த இழப்பு குறைவு, வீடு திரும்புவது விரைவு, தழும்பு சிறிது. யாரும் ஐயப்படவில்லை. பெத்ரோ ராமிரெஸ் தலைமையில் பல நாடுகளில் 631 பெண்களிடம் நடந்த குலுக்கல் ஆய்வு 2018-இல் வெளியானது. நாலரை ஆண்டுகளில் நோயின்றி இருந்தவர்கள் திறந்த அறுவையில் 96.5 விழுக்காடு, துளை அறுவையில் 86 விழுக்காடு. மூன்றாண்டில் உயிரோடு இருந்தவர்கள் முறையே 99, 93.8 விழுக்காடு. தோலில் குறைவாக வெட்டப்பட்ட பெண்கள் அதிகமாக இறந்தார்கள். வாயு காரணமா, கருப்பையைப் பிடித்துத் திருப்பும் கருவி காரணமா, புற்றணுக்கள் உள்ளே சிந்தியது காரணமா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. அந்த முறையைக் கற்பித்தவர்களே அதைக் கைவிட நேர்ந்தது.

இதைக் கொண்டு துளை அறுவை என்றாலே ஆபத்து என்று சொல்ல வரவில்லை. பெருங்குடல் புற்றில் 872 நோயாளிகளிடம் நடந்து 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, லேப்ராஸ்கோப்பி திறந்த அறுவைக்குக் குறைந்ததில்லை என்று காட்டியது. அதன் பிறகு அது நிம்மதியாகப் பரவியது, பரவவும் வேண்டும். ஓர் உறுப்பில் கிடைத்த பதிலை இன்னோர் உறுப்புக்குக் கடன் வாங்க முடியாது என்பதுதான் இவ்விரண்டும் சேர்ந்து சொல்வது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019 பிப்ரவரியில், மார்பக நீக்கத்துக்கு ரோபோவைப் பயன்படுத்துவதன் பாதுகாப்பும் பயனும் நிறுவப்படவில்லை என்று வெளிப்படையாக எச்சரித்தபோது, கருப்பைவாய் ஆய்வையும் சுட்டிக்காட்டியது.

அப்படியானால் மார்பகத்துக்கு இன்று என்ன சான்று இருக்கிறது? மிலானின் ஐரோப்பியப் புற்றியல் நிறுவனத்தில் அந்தோனியோ தோயெஸ்காவும் அவருடைய குழுவும் ரோபோ கொண்டு காம்பு காக்கும் மார்பக நீக்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர்கள். எண்டோஸ்கோப் வழியில் ஜப்பானும் தைவானும், ரோபோ வழியில் தென்கொரியாவும் பெருமளவு அனுபவம் சேர்த்திருக்கின்றன. தோயெஸ்கா குழு தன் முறையைத் தானே குலுக்கலுக்கு உட்படுத்தியது, இது பாராட்டப்பட வேண்டிய நேர்மை. 2022-இல் வெளியான அந்த ஆய்வில் 80 பெண்கள், பாதிப் பேருக்கு ரோபோ, பாதிப் பேருக்குத் திறந்த அறுவை. ரோபோ அறுவைக்கு 1 மணி 18 நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. சிக்கல்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ‘பிரெஸ்ட்-க்யூ’ என்ற கேள்வித்தாளில் ரோபோப் பிரிவுப் பெண்கள் தங்கள் மார்பைப் பற்றியும் மனநலம், பாலுறவு நலம் பற்றியும் கூடுதல் நிறைவைச் சொன்னார்கள். இரண்டாண்டுக்குச் சற்று மேற்பட்ட கண்காணிப்பில் யாருக்கும் அதே இடத்தில் புற்று திரும்பவில்லை. நல்ல செய்திதான். ஆனால் 80 பேரும் இரண்டாண்டும் புற்றுநோய்க் கேள்விக்கு விடை சொல்லப் போதாது. காம்பு காக்கும் நீக்கத்தில் நோய் அதே இடத்தில் திரும்புவது எப்படியும் சில விழுக்காடுதான். அதில் ஒன்றரை மடங்கு உயர்வு ஏற்பட்டால்கூட 80 பேரில் அது கண்ணுக்குத் தெரியாது, ஆயிரக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்தால்தான் தெரியும்.

துளை அறுவையை ஆதரிப்பவர்கள் வலுவான இரண்டு மறுப்புகளை வைக்கிறார்கள். நாங்கள் செய்வது அதே அறுவை, நுழையும் கதவு மட்டும் வேறு. அதே தளம், அதே திசு, அதே எல்லை என்பது முதல் மறுப்பு. கருப்பைவாயிலும் சொற்படி அதே அறுவைதான் நடந்தது என்பதே இதற்குப் பதில். தவிர, ஐந்து சென்டிமீட்டர் வழியாகப் பெரிய மார்பகத்தை இழுக்கும்போது திசு நசுங்குவதும் கிழிவதும் நடக்கக்கூடியவை. அதனால்தான் அனுபவமுள்ள குழுக்கள் சிறிய, நடுத்தர அளவு மார்பகங்களையும், தோலையும் காம்பையும் தொடாத சிறிய கட்டிகளையும் மட்டும் தேர்ந்தெடுக்கின்றன. அந்தத் தேர்வே நல்ல விளைவுகளுக்குப் பெருங்காரணமாக இருக்கக்கூடும். அறுவை சிகிச்சையில் ஆயிரக்கணக்கானோரைக் குலுக்கலுக்கு உட்படுத்துவது நடைமுறையில் இயலாது, அதுவும் நம் நாட்டில், என்பது இரண்டாவது மறுப்பு. நம் நாடே இதைப் பொய்யாக்கியிருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ராஜேந்திர பட்வே குழுவினர், மார்பக அறுவைக்குச் சில நிமிடங்களுக்கு முன் கட்டியைச் சுற்றி லிக்னோகெய்ன் மரப்பூசி போட்டால் என்ன ஆகும் என்று 1,583 பெண்களிடம் குலுக்கல் முறையில் சோதித்து, 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்தாண்டில் உயிரோடு இருந்தவர்கள் ஊசி இல்லாமல் 86.4 விழுக்காடு, ஊசியோடு 90.1 விழுக்காடு. எல்லா அறுவை அரங்கிலும் அலமாரியில் கிடக்கும் மலிவான மருந்து அது. இந்திய மருத்துவமனைகளால் இப்படியொரு ஆய்வை நடத்த முடிந்திருக்கும்போது, கோடிக்கணக்கில் விலையுள்ள இயந்திரத்துக்கு மட்டும் சோதனையிலிருந்து விலக்குக் கேட்பது எந்த நியாயத்தில் சேரும்?

இப்போது மற்ற வாக்குறுதிக்கு வருகிறேன். மார்பகத்தை உடனே அமைத்துத் தருவது துளையையோ ரோபோவையோ நம்பிப் பிறந்ததன்று. ஹைடல்பர்கின் வின்சென்ட்ஸ் செர்னி 1895-இல் ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து அவர் மார்பில் பொருத்தினார். இத்தாலியின் இகினியோ தான்சினி 1906-இல் முதுகின் அகன்ற தசையைத் தோலோடு சுழற்றிக் கொண்டுவந்து நெஞ்சை மூடினார். ஹால்ஸ்டெட் பள்ளி இதை விரும்பவில்லை, மூடிய இடத்தில் நோய் திரும்பினால் தெரியாமல் போகும் என்று அஞ்சியது. அந்த அச்சத்தால் தான்சினியின் முறை அரை நூற்றாண்டுக்கு மேல் கிடப்பில் கிடந்து, 1970-களில் மீண்டும் உயிர் பெற்றது. 1962-இல் ஹியூஸ்டனில் சிலிக்கோன் பை வந்தது, 1982-இல் அடிவயிற்றுத் திசுவை மார்புக்கு ஏற்றும் முறை வந்தது, 1990-களில் தசையை விட்டுவிட்டுத் தோலையும் கொழுப்பையும் மட்டும் நாளத்தோடு மாற்றும் நுண்ணறுவை வந்தது. பழைய அச்சம் சான்றின் முன் நிற்கவில்லை. அதே இடத்தில் திரும்பும் புற்று பெரும்பாலும் தோலிலும் தோலுக்கு அடியிலுமே தோன்றுகிறது, சீரமைத்த மார்பின் முன்பக்கத்திலேயே கைக்குத் தட்டுப்படுகிறது. கீமோ தள்ளிப்போகும் என்ற மறுப்பிலும் சிறு உண்மை உண்டு. புண் ஆறாவிட்டால் சில வாரம் தள்ளிப்போகும். ஆனால் பொருத்தமானவர்களைத் தேர்ந்து செய்யும் இடங்களில் சராசரித் தாமதம் நோயின் போக்கை மாற்றும் அளவுக்கு இல்லை.

உடனடிச் சீரமைப்பை ஆதரிக்கிறவர் அதன் குறைகளையும் அதே குரலில் சொல்ல வேண்டும். கதிர்வீச்சு தேவைப்படும் பெண்ணுக்குச் சிலிக்கோன் பை நல்ல தோழன் இல்லை. பையைச் சுற்றி உடல் கட்டும் உறை தடித்துச் சுருங்கி, மார்பு கல்லாகி, மேலேறி, வலிக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்த ஓர் ஆய்வில், கதிர்வீச்சு பெற்றவர்களில் பை வைத்தவர்களுக்குச் சுமார் 39 விழுக்காட்டினரிடம் இரண்டாண்டுக்குள் ஏதேனும் ஒரு சிக்கல் வந்தது. சொந்தத் திசு வைத்தவர்களுக்கு அது சுமார் 26 விழுக்காடு. பை ஆயுள் முழுவதற்கும் உத்தரவாதம் பெற்ற பொருளும் இல்லை. சொரசொரப்பான மேற்பரப்புள்ள ஒரு வகைப் பை அரிதான நிணநீர்ப் புற்றோடு தொடர்புடையது என்று தெரிந்து 2019-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இவை எல்லாவற்றையும் விட அதிகம் மறைக்கப்படும் செய்தி, காத்துவைத்த காம்பில் பெரும்பாலும் உணர்ச்சி இருக்காது என்பது. நரம்புகள் மார்பகத் திசுவின் ஊடாகத்தான் வருகின்றன, திசு போகும்போது அவையும் அறுபடுகின்றன. சீரமைத்த மார்பில் வெந்நீர்ப் பையை வைத்து, சூடு தெரியாமல் தோல் வெந்துபோன பெண்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. பார்வைக்குப் பழையபடி இருக்கும், தொட்டால் உணராது என்பதை அறுவைக்கு முன் வீட்டுப் பேச்சில் சொல்லும் அளவு எளிதாகச் சொல்ல வேண்டும். ‘பிரெஸ்ட்-க்யூ’ கேள்வித்தாள், உடையோடும் உடையின்றியும் கண்ணாடியில் பார்க்கும்போது எவ்வளவு நிறைவு என்று தனித்தனியே கேட்கிறது. அறுவையாளரின் படத்தொகுப்பில் இந்த இரண்டுக்கும் இடையிலான தூரம் தெரியாது.

இந்தியாவில் இதெல்லாம் ஆடம்பரம் என்ற மறுப்பைத்தான் நான் மிகத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-ஆம் ஆண்டுக்குத் தரும் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்று கண்டறியப்படுகிறது, சுமார் 98,000 பேர் இறக்கிறார்கள். கட்டி முற்றி, தோலை உடைத்துக்கொண்ட பிறகு வருகிறவர்கள் ஏராளம். அவர்களுக்குக் காம்பைக் காப்பது பற்றியும் தழும்பை மறைப்பது பற்றியும் பேசுவது கேலியாகத் தெரியலாம். மும்பைக் குடிசைப் பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்த டாடா ஆய்வு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் கையால் செய்யும் மார்பகப் பரிசோதனை ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் இந்நோய் மரணத்தை ஏறக்குறைய 30 விழுக்காடு குறைத்தது என்று 2021-இல் காட்டியது. செலவழிக்க ஒரு ரூபாய்தான் இருக்கிறது என்றால் அது அங்கேதான் போக வேண்டும், இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் இந்த மறுப்பு ரோபோவின் விலையைக் காட்டிச் சீரமைப்பையே தள்ளிவிடுகிறது. தான்சினியின் முதுகுத்தசை முறைக்கு ரோபோ வேண்டாம், நுண்நோக்கியும் வேண்டாம். பிளாஸ்டிக் சர்ஜரித் துறையுள்ள எந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் செய்யக்கூடியது. கட்டி முற்றியவருக்கும், கதிர்வீச்சு முடிந்தவருக்கும், ஆண்டுகள் கழித்து வருபவருக்கும்கூடப் பொருந்தும். மேலும் இந்தியப் பெண்களுக்கு இந்நோய் மேலை நாட்டுப் பெண்களைவிடச் சுமார் பத்தாண்டு முன்னதாகவே வருகிறது. நாற்பதுகளில் மார்பகத்தை இழப்பவர் அந்த இழப்போடு முப்பது ஆண்டுகள் வாழ வேண்டியவர். பேருந்தில் நெரிசலில் நிற்பது, புடவை முந்தானையை இழுத்து இழுத்து விடுவது, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடுவது எல்லாம் அந்த முப்பது ஆண்டுகளுக்குள் வருபவை. உயிரைக் காப்பாற்றிவிட்டோம், இனி என்ன என்று கேட்பது ஏழைக்கு உயிர் மட்டும் போதும் என்று தீர்ப்பெழுதுவது. அமெரிக்கா 1998-இல், மார்பக நீக்கத்துக்குப் பணம் தரும் காப்பீடு சீரமைப்புக்கும், மறு மார்பகத்தைச் சமன்படுத்துவதற்கும், கை வீக்கச் சிகிச்சைக்கும் பணம் தந்தே ஆக வேண்டும் என்று சட்டமியற்றியது. அங்கே இது அழகுச் செலவாக எண்ணப்படாமல் சிகிச்சையின் தொடர்ச்சியாக எண்ணப்பட்டது. நம் காப்பீட்டுத் திட்டங்களும் அந்த எண்ணத்தில் எழுதப்பட வேண்டும்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஓர் ஆபத்து வருகிறது, அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. நீக்கமும் சீரமைப்பும் அழகாக, தழும்பின்றி, ஒரே நாளில் முடியும் என்றால், நீக்கமே தேவைப்படாத பெண்ணும் அதைத் தேர்ந்துவிடுவார். ஃபிஷரும் வெரோனேசியும் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய உழைப்பின் பலன், தொடக்கநிலைப் புற்றுள்ள பெரும்பாலோர் மார்பகத்தை வைத்துக்கொண்டே, அதன் உணர்ச்சியோடு வாழலாம் என்பது. 2013-இல் நடிகை ஆஞ்சலினா ஜோலி காம்பு காக்கும் முறையில் இரு மார்பகங்களையும் நீக்கிச் சீரமைத்துக்கொண்டதை நாளேட்டில் எழுதினார். அவருக்குப் பிராக்கா-1 மரபணுப் பிறழ்வு இருந்தது. அப்பிறழ்வு உள்ள பெண்களில் எண்பது வயதுக்குள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கு மார்பகப் புற்று வருகிறது, முன்கூட்டி நீக்குவது அந்த ஆபத்தை 90 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கிறது. அவர் முடிவுக்கு உறுதியான காரணம் இருந்தது. அத்தகைய பிறழ்வு இல்லாமல் ஒரு பக்கம் புற்று வந்தவர், பயத்தில் மறுபக்கத்தையும் நீக்கிக்கொண்டால் ஆயுள் கூடுவதாகச் சான்று இல்லை. துளை அறுவையைப் பற்றிச் சொல்லும் மருத்துவர், அதற்கு முன் மார்பகத்தை நீக்காமலே முடியுமா என்ற பேச்சை முடித்திருக்க வேண்டும்.

சீரமைப்பே வேண்டாம் என்று சொல்லும் பெண்ணுக்கும் அதே மரியாதை உண்டு. அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்ட் மார்பகம் நீக்கிய சில நாளில் செயற்கை மார்பு அணியாமல் அறுவையாளரின் மருத்துவமனைக்குப் போனபோது, அந்த அலுவலகத்தின் மனவுறுதிக்கு அது நல்லதில்லை என்று செவிலியர் ஒருவர் சொன்னதை 1980-இல் வெளியான தம் புற்றுநோய்க் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். நெஞ்சைத் தட்டையாக விடும்படி கேட்பவருக்கு, தோல் மடிப்புகளும் தொங்கல்களும் இல்லாமல் சுத்தமாகத் தைத்து முடிப்பதும் அறுவையாளரின் கடமை. அது எளிதான வேலை அன்று, தனியாகக் கற்க வேண்டியது.

ஆகவே துளை அறுவையைத் தொடங்கும் மருத்துவமனைகளிடம் கேட்க வேண்டியவை சில. ஒவ்வொரு பெண்ணையும் பெயர் மறைத்த தேசியப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும், முடிந்தால் குலுக்கல் ஆய்வில் சேர்க்க வேண்டும். எத்தனை பேருக்கு நடுவில் திறந்த அறுவைக்கு மாற நேர்ந்தது, எத்தனை காம்புகள் அழுகின, எத்தனை பைகளை எடுக்க நேர்ந்தது, தோலில் எவ்வளவு திசு எஞ்சியது என்பதை ஓராண்டுக்குள்ளும், புற்று திரும்பியதா என்பதைப் பத்தாண்டு வரையும் சொல்ல வேண்டும். அந்த அறுவையாளர் எத்தனை முறை இதைச் செய்திருக்கிறார் என்பதை ஒப்புதல் தாளிலேயே எழுத வேண்டும். அதே பெண்ணுக்குத் திறந்த முறையில், மார்பின் கீழ் மடிப்பில் மறையும் தழும்போடு, உடனடிச் சீரமைப்புச் செய்தால் என்ன செலவு என்பதைப் பக்கத்திலேயே எழுத வேண்டும். இயந்திரத்துக்குப் பணம் இல்லாதவர் சீரமைப்பும் இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போகக்கூடாது. சிலிக்கோன் பையைத் தேர்பவருக்கு, அதை மாற்ற நேரும் நாளில் புதிய பைக்கும் இரண்டாம் அறுவைக்கும் ஆகும் செலவு யார் பொறுப்பு என்பதை முதல் மதிப்பீட்டுத் தாளிலேயே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்.